நாலு அங்குலச் சுருட்டும் அதின்ர விலாசமும்

முதலில் சட்டத்தைக் கதைச்சுப்போட்டு அங்கால போவம். இலங்கையில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்க ஏலாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அப்பிடிச் சொல்லுது. புகையிலைக்கு விளம்பரம் செய்யவும் அதே சட்டம் விடாது. இது விளம்பரம் இல்லை. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள்ள இழுக்கிறேல்லை, வாயோட நிப்பாட்டி வெளிய விடுறதுதானே எண்டு சிலபேர் ஒரு சமாதானம் வைச்சிருப்பினம். வாய்ப் புற்றுநோய்க்கும் தொண்டைப் புற்றுநோய்க்கும் அந்தச் சமாதானம் தெரியாது. சுருட்டுப் புகை காரத்தன்மை கூடினது. அதால நிக்கொட்டின் வாய்த்தோலாலேயே இரத்தத்துக்குப் போயிடும். எங்களில் ஒராளுக்கு அரைவாசியிலேயே தலை சுத்தி, சீனி போட்ட பிளேன்ரீ ஒண்டு குடிச்சுத்தான் தெளிஞ்சது.

இனி விசயம். எங்கட கைக்கு இரண்டு மொன்டெக்ரிஸ்டோ நம்பர் 5 வந்தது. வெளிநாட்டில இருந்து லீவில வந்த ஒரு சொந்தக்காரர் விமான நிலையக் கடையில வாங்கிக்கொண்டு வந்தவர். ஒண்டை மூண்டுபேர் சேர்ந்து, நேரம் குறிச்சு, கொப்பியில எழுதி எழுதிக் குடிச்சம். மற்றதுக்கு என்ன நடந்தது எண்டு பிறகு சொல்லுறம்.

'கியூபாச் சுருட்டு' எண்டால் பொதுவாக மனசில வாறது, பெரிய முதலாளி ஒருத்தர் வாயில வைச்சிருக்கிற, உலக்கை மாதிரி ஒரு சாமான். நம்பர் 5 அப்பிடி இல்லை. நீளம் 102 மில்லிமீற்றர், சரியாகச் சொன்னால் நாலு அங்குலம். மொத்தத்துக்குச் சுருட்டுக்காரருக்கு எண்டு ஒரு தனிக் கணக்கு இருக்கு: ஒரு அங்குலத்தை 64 பங்காகப் பிரிச்சு அதில எத்தினை பங்கு எண்டு சொல்லுறது. இது 40. அதாவது விட்டம் 16 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. எங்கட சின்ன விரலைவிடக் கொஞ்சம் தடிப்பு. இந்த அளவுக்குத் தொழிற்சாலைக்குள்ள வைச்சிருக்கிற பெயர் 'பேர்லா', ஸ்பானிய மொழியில முத்து. ஒவ்வொரு அளவுக்கும் அங்க இப்பிடி ஒரு பெயர் இருக்கு. கடையில ஒரு பெயர், சுத்துற மேசையில இன்னொரு பெயர்.

ஒண்டைத் தெளிவாக்க வேணும். தகரப் பெட்டிகளில் 'மினி' எண்டு வாற, சிகரெட் அளவுச் சின்னச் சுருட்டுகள் வேற. அதுகள் இயந்திரம் சுத்துறது, உள்ளுக்குள்ள வெட்டின தூள் இலை. பேர்லா முழு இலையைக் கையால மடிச்சு, கையால சுத்தி, கையால தொப்பி வைச்சு முடிக்கிற சாமான். சின்னன் எண்டதால வேலை குறையிறேல்லை. சொல்லப்போனால் கூட. மெல்லிசுச் சுருட்டுக்குள்ள இலையைக் கொஞ்சம் நெருக்கி வைச்சால் காத்து வராது, கொஞ்சம் இளக்கினால் பேப்பர் மாதிரி எரிஞ்சுபோகும். உள்ளுக்கு நிரப்புற இலை மூண்டு வகை. செடியின்ர உச்சியில வெயில் குடிச்சு வளர்ந்த லிஹேரோவில உறைப்பு கூட, ஆறுதலாகத்தான் எரியும். நடுவில வாற செக்கோவுக்கு வாசம் கூட. அடியில வாற வொலாடோவுக்குக் குணம் பெரிசா இல்லை, ஆனால் நெருப்பைப் பிடிச்சுவைக்கும். தடிச்ச சுருட்டில இந்த மூண்டையும் வசதியாகக் கலக்கலாம். 16 மில்லிமீற்றருக்குள்ள கலக்கிறது கஷ்டம். ஆனால் அங்க புதுசாய் வேலைக்கு வாற சுத்துகாரரிட்டப் பொதுவாக முதலில கொடுக்கிறதும் இப்பிடிச் சின்ன அளவுகளைத்தான். கைதேர்ந்தவை பெரிய அளவுகளுக்கும் கூர் வடிவங்களுக்கும் போயிடுவினம். ஆகவே உங்கட கையில இருக்கிற நாலு அங்குலம், தொழில் பழகிற ஒராளின்ர வேலையாக இருக்கக் கனக்கச் சாத்தியம் உண்டு. விமர்சனம் எழுதுறவை இதை ஏனோ கணக்கில எடுக்கிறேல்லை.

சின்னச் சுருட்டை ஏழையின்ர சுருட்டு எண்டும் சொல்ல ஏலாது. 1962 பெப்ரவரியில கென்னடி கியூபா மீது வர்த்தகத் தடையில கையெழுத்து வைக்கிறதுக்கு முதல்நாள், அவரின்ர ஊடகச் செயலாளர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு, காலமைக்கு முதல் ஆயிரம் 'பெட்டிட் உப்மன்' சுருட்டுத் தேடித்தரச் சொன்னாராம். சாலிஞ்சர் வோஷிங்டன் கடையெல்லாம் அலைஞ்சு 1200 கொண்டுவந்து வைச்ச பிறகுதான் பேனையை எடுத்தாராம். இது சாலிஞ்சரே பிறகு எழுதின கதை. பெட்டிட் எண்டால் சின்னன். ஒரு நாட்டின்ர கழுத்தை அறுபது வருசத்துக்கு மேல நெரிச்சுக்கொண்டிருக்கிற தடை, முதலில சனாதிபதியின்ர சொந்தக் கையிருப்பைச் சரிபாத்துப்போட்டுத்தான் ஆரம்பிச்சது.

சரி, ருசி.

பத்தவைக்க முதல் வெட்டின முனையை வாயில வைச்சு வெறுமனே இழுத்துப் பாத்தம். காத்து இலேசாக வந்தது. நல்லம். கியூபாச் சுருட்டில காலங்காலமாக இருக்கிற முறைப்பாடு, இறுக்கிச் சுத்தி இழுக்கேலாமல் போறதுதான். அந்த வெறும் இழுவையில ஒரு மரவாசம். சுருட்டு அடைச்சு வாற பெட்டிப் பலகையின்ர வாசமாக இருக்கலாம். அம்மம்மாவின்ர பழைய அலுமாரியைத் திறந்தால் முகத்தில அடிக்கிறது மாதிரி. கீழ் உதட்டில இலேசான உப்பு.

லைற்றர் பெற்றோல் மணக்கும் எண்டதால நெருப்புப்பெட்டிதான். நுனியை முதலில நெருப்புக்குக் கிட்டக் காட்டிச் சூடாக்கி, விளிம்பு சிவந்த பிறகுதான் வாயில வைச்சு இழுக்கிறது. முதல் பத்து நிமிசம் மிளகு. உறைப்புத்தூள் உறைப்பு இல்லை, ரசத்தில தட்டிப்போடுற மிளகு, தொண்டைக்கு மேல, மூக்கின்ர பின்பக்கத்தில நிக்கும். கூடவே ஒரு கயர்ப்பு, பச்சை வாழைக்காய் வெட்டின கையை நக்கினால் வருமே, அது. இந்தக் கட்டத்தில ஒராள் "இதுக்கே இவ்வளவு விலாசம்?" எண்டு கேட்டவர். யாழ்ப்பாணத்து ஆக்களுக்குத் தெரியும், விலாசம் எண்டால் முகவரியும்தான், எடுப்புக் காட்டுறதும்தான். இந்தச் சொல்லுக்குத் திரும்பி வருவம்.

நடுப்பகுதியில நிலைமை மாறினது. இதை மறைக்கத் தேவையில்லை, நடுப்பகுதி உண்மையிலேயே அருமை. மிளகு இறங்கி, கோப்பிக்கொட்டை வறுக்கேக்க, அது கறுக்கிறதுக்கு ஒரு நிமிசம் முதல் வாற வாசம் ஒண்டு வந்தது. அதுக்குக் கீழ கொக்கோ, இனிப்புப் போடாத கொக்கோ. ஒராள் ஒடியல் மாவின்ர கைப்பு எண்டார், மற்றவர் இல்லை எண்டு சண்டை. பிறகு எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு விசயம்: நாக்கின்ர இரண்டு பக்கத்திலயும் ஒரு புளிச்சல். பழப்புளி மாதிரி நேரான புளிப்பு இல்லை, முதல்நாள் தோசைமாப் பானையைத் திறந்தால் மணக்கிற, நொதிச்ச புளிச்சல். கியூபா இலையை வெட்டினவுடன வேலைக்கு எடுக்கிறேல்லை. கொட்டிலுக்குள்ள கம்புகளில தொங்கவிட்டு வாரக்கணக்கில காத்தில உணர்த்தி, பிறகு குவிச்சு, ஈரம் காட்டி, அதின்ர சொந்தச் சூட்டிலேயே நொதிக்கவிடுவினம். குவியல் சூடாகிறதைப் பாத்து இடைக்கிடை பிரிச்சுத் திரும்ப அடுக்குவினம். அந்தப் புளிச்சல் எங்கயிருந்து வருது எண்டு கேட்டால், எங்கட கணிப்பு இந்தக் குவியலைத்தான் காட்டும்.

கடைசிப் பகுதி சரியில்லை. மெல்லிசுச் சுருட்டு சூடேறும். நிமிசத்துக்கு ஒருக்கால் இழுத்தால் போதும் எண்டு விசயம் தெரிஞ்சவை சொல்லுவினம், ஆனால் மூண்டுபேர் கை மாறேக்க அது நடக்கிற காரியமில்லை. ஊமல் கரி வாசம், பிறகு வெறும் கைப்பு. ஒண்டரை அங்குலம் மிச்சம் இருக்க வைச்சிட்டம். மொத்தம் 28 நிமிசம்.

புள்ளி போட ஏலாது. சுருட்டு விமர்சகர்கள் நூறுக்கு 91, நூறுக்கு 88 எண்டு போடுறவை. வல்லாரைச் சம்பலுக்கு 91 போடுற ஒரு மனுசரை நாங்கள் இன்னும் சந்திக்கேல்லை.

புள்ளியைவிட எங்களை உறுத்தினது சொற்கள். குடிக்க முதல் நாலைஞ்சு ஆங்கில விமர்சனம் வாசிச்சிருந்தம். எல்லாத்திலயும் ஒரே அட்டவணை: தோல், சீடர் மரம், எஸ்பிரெசோ, டார்க் சொக்லேட், மாட்டுக்கொட்டில். தோல் எண்டு அவை எழுதேக்க நினைக்கிறது தோல் உறை போட்ட சாய்வுக் கதிரை. எங்களுக்குத் தோல் எண்டால் தவில், அதுவும் வெயிலில காயவைச்ச தவில். வாசம் ஒண்டாக இருக்கலாம், அது கூட்டிக்கொண்டு போற இடம் வேற. இதிலயும் பெரிய பகிடி மாட்டுக்கொட்டில். ஹவானாச் சுருட்டில அந்த வாசம் வந்தால் அது பாராட்டு. முதிர்ச்சிக்கு அடையாளம் எண்டு எழுதுறாங்கள், புள்ளி கூடுது. அதே வாசம் எங்கட தாத்தாமாற்ற சால்வையில இருந்து வந்தால் நாங்கள் வைச்ச பெயர் நாத்தம். கலியாண வீட்டுக்குப் போக முதல் "குளிச்சிட்டு வாங்கோ, சுருட்டு நாறுது" எண்டு சொல்லி வளர்ந்த பிள்ளையள்தான் நாங்கள் எல்லாரும். இலை இரண்டும் புகையிலைதான். ஒண்டுக்கு விலாசம் இருக்கு, மற்றதுக்கு இல்லை.

அந்த விலாசத்தைக் கொஞ்சம் விபரமாகப் பாப்பம், ஏனெண்டால் எங்கட வாதம் அங்கதான் இருக்கு. கியூபாவின்ர மேற்கு நுனியில பினார் டெல் ரியோ மாகாணம். அதுக்குள்ள வுவெல்டா அபாஹோ எண்ட பகுதி. அதுக்குள்ளயும் சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்டினெஸ் எண்ட இரண்டு ஊர்களைச் சுத்தித்தான் நல்ல இலை வளருது எண்டு வரைபடம் போட்டுச் சொல்லுவாங்கள். வெளியில சுத்துற இலையை மெல்லிய சீலைப் பந்தலுக்குக் கீழ, நேரடி வெயில் படாமல் வளர்ப்பினம். 'ஹவானா' எண்ட பெயரை மற்றவை பாவிக்கேலாத மாதிரி தேயிலைக்குச் 'சிலோன்' போல, அதைவிட இறுக்கமாகப் பாதுகாத்து வைச்சிருக்கு. பெட்டிக்கு மேல பச்சை நிற அரச முத்திரை. பெட்டியைத் திருப்பிப் பாத்தால் அடியில சூடு போட்ட எழுத்து: கியூபாவில செய்தது, முழுக்கக் கையால செய்தது. பக்கத்தில மையால அடிச்ச குறியீடு, எந்த மாதம், எந்த ஆண்டு எண்டு காட்டும். அதோட தொழிற்சாலைக்கு எண்டு ஒரு இரகசியக் குறியும் உண்டு. எந்தத் தொழிற்சாலை எண்டு வெளியில தெரியக்கூடாது எண்டதுக்காக அந்தக் குறியை அப்பப்ப மாத்துவினம். சேகரிக்கிற ஆக்கள் அதைத் துப்பறியிறதே தனிப் பொழுதுபோக்கு.

இவ்வளவும் எழுதி வைக்கிற நாடு ஒண்டை மட்டும் எழுதுறேல்லை. சுத்தின ஆளின்ர பெயர். தொழிற்சாலைக்குள்ள அம்பது அம்பது சுருட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டிலயும் அதைச் சுத்தினவரின்ர இலக்கத் துண்டு செருகி வைப்பினம். தரம் பாக்கிறவர் குறை கண்டால் யாரைக் கேக்கிறது எண்டு தெரிய வேணும். பெட்டியில அடுக்க முதல் அந்தத் துண்டு கழண்டுபோகும். விமான நிலையக் கடைக்கு வந்துசேருறது ஊர், மாதம், ஆண்டு, முத்திரை. ஆளில்லை. விலையில ஆளுக்கு எவ்வளவு போய்ச் சேருது எண்டு கேட்டால், கியூபாச் சம்பளத்தையும் ஐரோப்பிய விலையையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தாலே விளங்கும். தோட்டக்காரரும் தங்கட அறுவடையில மிகப் பெரிய பங்கை அரசு சொல்லுற விலைக்கு அரசுக்கே விக்க வேணும். 2022 செப்ரெம்பரில 'இயன்' சூறாவளி பினார் டெல் ரியோவை அடிச்சு, இலை உணர்த்துற கொட்டில்களை ஆயிரக்கணக்கில சாய்ச்சுப்போட்டுது. சுருட்டு விலை ஏறினதைப் பற்றி விமர்சகர்கள் எழுதின அளவுக்குக் கொட்டில் இழந்த சனத்தைப் பற்றி எழுதேல்லை. புரட்சி நடந்த நாடு எண்டு எங்களில் கனபேருக்குக் கியூபா மேல ஒரு பாசம் இருக்கு. எங்களுக்கும் இருக்கு. அந்தப் பாசம் இந்தக் கேள்வியைக் கேக்கவிடாமல் பண்ணக்கூடாது.

ஆனால் பெயரில்லாத அந்த ஆக்கள் உலகத்துக்கு ஒண்டு குடுத்திருக்கினம், அது எங்களுக்குச் சுருட்டைவிடப் பெரிசு. 1865இல ஹவானாவில எல் ஃபிகாரோ எண்ட தொழிற்சாலையில ஒரு பழக்கம் தொடங்கினது. சுத்துறவை கையை மட்டும் பாவிக்கிற வேலை, காது சும்மாதானே இருக்கு. ஒராள் மேடையில இருந்து உரக்க வாசிக்க மற்றவை கேட்டுக்கொண்டு சுத்துறது. வாசிக்கிறவருக்குச் சம்பளம் குடுத்தது முதலாளி இல்லை, தொழிலாளர் தங்கட காசைச் சேர்த்துக் குடுத்தவை. என்ன வாசிக்கிறது எண்டதையும் அவையே தீர்மானிச்சவை. செய்தித்தாள், நாவல், அரசியல். அடுத்த வருசமே ஸ்பானிய ஆட்சி தடைபோட்டுது. புகையிலை மணக்கிற மண்டபத்தில எழுத வாசிக்கத் தெரியாத சனம் ஹியூகோவையும் டூமாவையும் கேட்டால் ஆட்சிக்கு நித்திரை வருமா? தடை நிக்கேல்லை. பழக்கம் கடல் தாண்டி ஃபுளோரிடாவுக்கும் போனது. 1931இல டம்பா நகரத்து முதலாளிமார் வாசிப்பை நிப்பாட்ட, தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தவை. தோத்தவை. வாசிச்ச இடத்துக்கு றேடியோ வந்தது. கியூபாவில இண்டைக்கும் வாசிக்கினம்.

எங்கட கையில இருந்த நாலு அங்குலத்துக்கு மொன்டெக்ரிஸ்டோ எண்டு பெயர் வந்ததும் இந்த வாசிப்பாலதான் எண்டு சொல்லுவினம். டூமாவின்ர 'மொன்டெக்ரிஸ்டோ பிரபு' சுத்துமேசைக்காரருக்குப் பிடிச்ச கதை, அதனால 1935இல புது வர்க்கத்துக்கு அந்தப் பெயர். பெட்டியில இருக்கிற சின்னத்திலயும் வாள்கள் இருக்கு. 1960இல தொழிற்சாலைகள் அரசுடைமையாக, பழைய முதலாளிமார் நாட்டை விட்டுப்போய் அதே பெயரில வேற நாட்டில சுருட்டுச் செய்யத் தொடங்கினவை. அதால இண்டைக்கு இரண்டு மொன்டெக்ரிஸ்டோ இருக்கு. அமெரிக்கக் கடையில கிடைக்கிறது டொமினிக்கன் குடியரசில செய்த மற்றது. பெயரை வைச்சவை கேட்டுக்கொண்டிருந்த தொழிலாளர், பெயருக்கு வழக்குப் போட்டவை வேற ஆக்கள்.

இப்ப இரண்டாவது சுருட்டு. அதை நாங்கள் குடிக்கேல்லை. வலிகாமத்தில ஒரு வயசுபோன ஐயா இருக்கிறார், பதினாலு வயசில சுருட்டுக் கொட்டிலுக்குப் போனவர். அவரிட்டக் கொண்டுபோய்க் குடுத்து, "ஐயா, குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ" எண்டம். அவர் குடிக்கேல்லை. மூக்கில வைச்சார், இரண்டு விரலால நசிச்சு நசிச்சு நீளத்துக்கும் கொண்டுபோனார். பிறகு சின்னக் கத்தி ஒண்டை எடுத்து அவிழ்க்கத் தொடங்கிட்டார்.

எங்களுக்கு நெஞ்சு பக்கெண்டது. விமான நிலைய விலை.

தொப்பியில இருந்த துண்டைத் தூக்கி, "பசை நல்லம், மணமில்லை" எண்டார். வெளி இலையைக் கிழியாமல் முழுசாகக் கழட்டி முழங்காலில விரிச்சு, நரம்பைத் தடவினார். "இதை வளர்த்தவன் பிள்ளை வளர்த்த மாதிரி வளர்த்திருக்கிறான். வெயில் படேல்லை." நாங்கள் பந்தல் கதையை அவருக்கு இன்னும் சொல்லேல்லை. உள் இலையை விரிச்சு மூண்டாகப் பிரிச்சு வைச்சு, உச்சி இலையைக் காட்டி "இது உறைக்கும்" எண்டார். ஒரு துண்டை வாயில போட்டுச் சப்பித் துப்பிப்போட்டு, "புகை போடேல்லை, கோடாவும் இல்லை. இலையை நம்பிச் செய்திருக்கிறாங்கள்" எண்டு சொல்லி, கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆனால் பிள்ளையள், சுத்தினவன் புதுசு. இந்த இடத்தில இலை முறுகி நிக்குது பாருங்கோ."

ஆங்கிலத்தில எழுதின நாலைஞ்சு விமர்சனத்தில ஒண்டிலகூட இது இல்லை.

கோடாவும் புகையும்தான் எங்கட சுருட்டுக்கும் கியூபாவுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம். இஞ்ச இலையைக் காத்தில மட்டும் உணர்த்திறேல்லை. குடிலுக்குள்ள தூக்கித் தேங்காய்ப் பொச்சு போட்டுப் புகை ஊட்டுவினம். பிறகு பனங்கட்டி முதலானதுகள் சேர்த்துக் காய்ச்சின கோடாவில நனைச்சுப் பதப்படுத்துவினம். ஒவ்வொரு கொட்டிலுக்கும் ஒவ்வொரு கைப்பக்குவம். கொட்டிலின்ர பெயரே கோடாவிலதான் நிண்டது. ஒரு காலத்தில யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குத் தோணியேறிப் போனது. சுருட்டு தெற்கில சிங்களக் கிராமங்கள் வரைக்கும் போய், சுருட்டுக்கடை வைக்கப் போன எங்கட ஆக்கள் அந்த ஊர்களில தலைமுறையாக இருந்தவை. அந்தச் சாமானுக்கு ஊர் பதிஞ்ச முத்திரை இல்லை, அளவுக்குப் பெயர் எழுதின புத்தகம் இல்லை, எந்தக் கொட்டில் கோடா என்ன ருசி எண்டு எழுதின நாலு வரிகூட எங்கட கண்ணில படேல்லை.

ஐயாவின்ர கொட்டிலிலயும் வாசிப்பு இருந்ததாம். "ஒராள் ஈழநாடு வாசிப்பார், நாங்கள் சுத்துவம். கையெழுத்து வைக்கத் தெரியாதவனுக்கும் வியட்நாமில என்ன நடக்குது எண்டு தெரியும்." அவருக்கு ஹவானாக் கதையைச் சொன்னம். ஆச்சரியப்படேல்லை. "கை வேலை செய்யேக்க காதுக்கு ஏதாவது வேணும்தானே." கேரளத்துக் கண்ணூர்ப் பீடித் தொழிலாளரும் இப்பிடி வாசிச்சுக் கேட்டவை. ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் பழகினதாகத் தெரியேல்லை, வேலையே அந்தப் பழக்கத்தை உண்டாக்கியிருக்கும்.

கொட்டிலைக் கோயிலாக்க நாங்கள் வரேல்லை. ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு எண்டு கூலி, சுத்தாத நாளில சாப்பாடு இல்லை. பதினாலு வயசுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில இருக்க வேண்டியது. ஐயாவின்ர இருமலைக் கேட்டால் வீட்டுக்குள்ள இருக்கேலாது. அரசாங்கம் 2020ஓட புகையிலைச் செய்கையையே நிப்பாட்டப்போறதாக ஒருக்கால் அறிவிச்சது. தோட்டக்காரருக்கு மாற்றுப் பயிர் ஒழுங்காகக் கிடைக்குமெண்டால் எங்களுக்கு அதில எதிர்ப்பு இல்லை. தொழில் போகட்டும். எங்கட கோபம் வேற. விரலால நசிச்சு, சுத்தினவன் புதுசு எண்டு சொல்லக்கூடிய அறிவு, ஒரு பெயரும் ஒரு பக்க எழுத்தும் இல்லாமல் அந்த இருமலோட போகப்போகுது. நாங்களோ ஹவானா மாட்டுக்கொட்டிலுக்கு ஆங்கிலத்தில புள்ளி போடப் பழகுறம். கியூபாச் சுருட்டைச் சுவைச்சு எழுதத் தெரிஞ்ச எங்கட தலைமுறைக்கு, சுருட்டுக் கொட்டிலில ஒரு பின்னேரம் இருந்து எழுத ஏலாது எண்டு சொல்ல ஒரு நியாயமும் இல்லை.

நம்பர் 5 பற்றிக் கேக்கிறவைக்கு: நடுப்பகுதிப் பத்து நிமிசம் அருமை, மிச்சம் சாதாரணம், அந்தக் காசுக்கு வேண்டத் தேவையில்லை. ஆராவது கொண்டுவந்து தந்தால், வெக்கையில வண்டு பொரிக்க முதல், காத்துப் போகாத டப்பாவில போட்டுக் குளிரான இடத்தில வையுங்கோ. கடற்கரையில உல்லாசப் பயணிகளுக்கு மலிவு விலையில நீட்டுற 'கியூபன்' பெட்டிகளை, மூடி கண்ணாடியாக இருந்தால், திரும்பியும் பாக்காதேங்கோ.

ஐயா அவிழ்த்த இலையைத் திரும்பச் சுத்தித் தந்தார். அஞ்சு நிமிசம் ஆகேல்லை. முறுகல் போய்விட்டுது, பட்டியையும் பழைய இடத்திலேயே ஏத்திவிட்டார். நாங்கள் கொப்பியைத் திறந்து, "ஐயா, உங்கட கோடாவுக்குள்ள என்னென்ன போட்டனீங்கள்?" எண்டு கேட்டம். இரண்டு சாமான் சொன்னார், அளவோட. மூண்டாவதுக்கு வரேக்க உள்ளுக்கிருந்து மருமகள் சாப்பிடக் கூப்பிட்டா. "அடுத்த முறை வாங்கோ, சொல்லுறன்" எண்டார். வாற ஞாயிறு போறம்.